திருவக்கரை கல்மரங்களும் டவர் கிடைக்காத ஏசி ரூமும்

போன மாதம் இரண்டாவது சனிக்கிழமை திண்டிவனம் பக்கம் போய்வந்தேன். திருவக்கரை கல்மரங்களைப் பார்க்கத்தான் போனேன் என்று எழுதினால் பாதி உண்மை. மீதிப் பாதி என் சித்தி மகள் சுகந்தியின் குடும்ப விவகாரம். பயணக் கட்டுரையில் குடும்பக் கதை எதற்கு என்று முகம் சுளிப்பவர்கள் நேராகக் கடைசிப் பகுதிக்குப் போய்விடுங்கள், பஸ், ஆட்டோ விவரமெல்லாம் அங்கே இருக்கிறது. சுகந்தியைக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

விவகாரம் இதுதான். சுகந்தியின் புருஷன் ஏழுமலை மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். வேலை முடித்து, சாப்பிட்டு, ராத்திரி அவர் கூப்பிடும்போதெல்லாம் இவள் போன் 'அணைத்து வைக்கப்பட்டுள்ளது' என்றே வருமாம். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, ஒன்றரை வருடமாக. பகலில் கூப்பிட்டால் எடுக்கிறாள். அதே வீட்டுக் கூடத்தில் படுத்திருக்கும் மாமனாரின் பட்டன் போன் ராத்திரியும் மணி அடிக்கிறது. இவள் போன் மட்டும் ரூம் கதவைச் சாத்தியதும் செத்துப்போகிறது. அப்புறம் என்ன, மனுஷன் மனசு எங்கெங்கே போகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. லீவில் வந்தவர் பத்து நாளாகப் பெண்டாட்டியோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் பெரியவர்களை வைத்துப் பேசி முடித்துவிடுவது, நாலு வயதுப் பெண் குழந்தை இங்கேயே இருக்கட்டும், அவள் மட்டும் கிளம்பட்டும் என்று நிற்கிறார்.

சித்தி முகையூர் பக்கம் இருக்கிறார். முட்டி தேய்ந்துபோய் பஸ் படி ஏற முடியாது. சித்தப்பா இல்லை. போனில் அழுது அழுது, "எங்க பக்கத்து ஆளா நீ போய் உக்காரும்மா" என்று கேட்டார். எனக்கோ வாய் கொஞ்சம் நீளம். சண்டையைத் தீர்ப்பேனா, பெரிதாக்குவேனா என்று எனக்கே சந்தேகம். இருந்தாலும் குழந்தையைப் பிரிக்கிறார்கள் என்றதும் மனசு கேட்கவில்லை, கிளம்பிவிட்டேன்.

கிளாம்பாக்கத்தில் காலை ஆறு மணிக்கு விழுப்புரம் பஸ். திண்டிவனத்துக்கு இரண்டு மணி நேரம். ஜன்னல் ஓரம் கிடைத்தது, ஆனால் கண்ணாடி மூடவே மூடாது, மேல்மருவத்தூர் வருவதற்குள் தலைமுடி பரட்டையாகிவிட்டது. திண்டிவனத்தில் இறங்கி இட்லி, வடகறி. காரம் கொஞ்சம் தூக்கல், ஆனால் குறை சொல்ல முடியாது. பஸ் ஸ்டாண்ட் வாசலில் அவித்த மல்லாட்டை ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டேன். சென்னையில் அதைக் கடலை என்பார்கள், இங்கே வந்து கடலை என்று கேட்டால் நம்மை ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

மாலை நாலு மணிக்குத்தான் பேச்சு. அதுவரை சும்மா இருப்பானேன் என்று பர்வீனைப் பிடித்தேன். பர்வீன் என்னோடு காலேஜ் ஹாஸ்டலில் ஒரே அறையில் இருந்தவள். நான் பி.காம்., அவள் வேதியியல். இப்போது திண்டிவனத்துக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் ஷீட் தயாரிக்கும் கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவுக்குப் பொறுப்பு. சனிக்கிழமை அரை நாள்தான் வேலை, வா, கம்பெனியைச் சுற்றிக் காட்டுகிறேன், அப்புறம் சேர்ந்து திருவக்கரை போகலாம் என்றாள். அங்கே வேலைக்குச் சேர்ந்து நாலு வருடமாகியும் அவளும் கல்மரத்தைப் பார்த்ததில்லையாம்.

பிளாஸ்டிக் கம்பெனி என்றதும் குடம், பக்கெட் என்று நினைத்துக்கொண்டு போனேன். அங்கே பார்த்தால் கரியாட்டம் கறுப்பாக, கதவு அகலத்துக்குப் பெரிய பெரிய பலகைகள். எலக்ட்ரிக் வண்டிகளின் எலக்ட்ரானிக்ஸ் பெட்டிக்கு மூடி செய்யும் ஷீட்டாம். பர்வீன் விளக்கியதை எனக்குப் புரிந்த மட்டும் சொல்கிறேன். சாதாரண பிளாஸ்டிக் வழியாக ரேடியோ அலை, போன் அலை எல்லாம் தாராளமாகப் போய்வரும். ஒரு மெஷினிலிருந்து கிளம்பும் அலை பக்கத்து மெஷினைக் குழப்பிவிடும். அலுமினியத்தில் பெட்டி செய்தால் அலை நின்றுவிடும், ஆனால் கனம், விலை, அரிப்பு. அதனால் பிளாஸ்டிக்கை உருக்கும்போதே கார்பன் நானோ குழாய் என்று ஒரு கறுப்புத் தூளைக் கலக்கிறார்கள். தலைமுடியை ஆயிரக்கணக்கான இழைகளாகக் கிழித்தால் எவ்வளவு மெல்லிசோ அவ்வளவு மெல்லிசாம் ஒவ்வொரு குழாயும். நூறு கிலோவுக்குச் சில கிலோ போட்டாலே போதும். உள்ளே ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு வலை மாதிரி பின்னிக்கொள்கின்றன. அந்த வலைக்குள் வரும் அலையில் கொஞ்சம் திரும்பிப் போய்விடும், மிச்சத்தை ஷீட்டே விழுங்கிவிடும்.

கலப்பதுதான் பெரிய பேஜாராம். கேப்பை மாவைக் கொதிக்கிற தண்ணியில் கொட்டினால் கட்டி தட்டுகிற மாதிரி இந்தத் தூளும் கட்டி தட்டிவிடும். அப்படி ஆன ஷீட்டில் வலை ஒழுங்காக விழாது, அலை கசியும். பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் வெளியே போகக்கூடாது என்பது வாங்குகிறவர்களின் கண்டிப்பு. ஆயிரத்தில் ஒரு பங்கு கசிந்தாலே பெயில். பெயிலான ஷீட்டில் மஞ்சள் பெயின்டில் குறுக்காக ஒரு பெருக்கல் குறி போட்டுப் பின்பக்கம் அடுக்கிவிடுகிறார்கள். பழைய பிளாஸ்டிக் எடுக்கும் ஆள் வந்து, அரைத்துவிடுகிறேன் என்று ஏற்றிக்கொண்டு போவாராம்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. பிளாஸ்டிக்காவது, அலையை நிறுத்துவதாவது. பர்வீன் என் போனை வாங்கி, அந்த ஷீட்டில் செய்த ஒரு பெட்டிக்குள் வைத்து மூடினாள். தன் போனிலிருந்து கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டாள். நீங்கள் அழைக்கும் எண் தற்போது அணைத்து வைக்கப்பட்டுள்ளது அல்லது தொடர்பு எல்லைக்கு வெளியே உள்ளது. மூடியைக் கொஞ்ச நேரம் திறந்து வைத்தாள், மணி அடித்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கைக்கு எட்டும் தூரத்தில், ஆன் செய்த போன் அது. அப்போதே என் மண்டையில் ஏதாவது உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. போனைப் பையில் போட்டுக்கொண்டு கல்மரம் பார்க்கக் கிளம்பிவிட்டேன்.

திண்டிவனத்திலிருந்து திருவக்கரை இருபது கிலோமீட்டர் சொச்சம். நேர் பஸ் குறைவு என்பதால் ஆட்டோ பேசினோம், போக மட்டும் ஐந்நூறு. டிரைவர் வழியெல்லாம் பௌர்ணமி ராத்திரி வக்ரகாளியம்மன் கோயிலில் கூடும் கூட்டத்தைப் பற்றிச் சொல்லிக்கினே வந்தார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நடை சாத்தும் நேரம், அரக்கப்பரக்க ஒரு கும்பிடு. அங்கிருந்து கல்மரப் பூங்கா பக்கம்தான். செம்மண்ணில் சரளைக்கல் நடுவே மரங்கள் விழுந்து கிடக்கின்றன. பட்டை தெரிகிறது, கணு தெரிகிறது, தொட்டால் பாறை. இரண்டு கோடி வருடத்துக்கு முந்தின மரம் என்கிறார்கள். இதுதான் இன்றைக்குப் பெரிய அதிர்ச்சி என்று பர்வீனிடம் சொன்னது ஞாபகம் இருக்கிறது.

சுகந்தி வீடு அங்கிருந்து அதே ஆட்டோவில் பதினைந்து நிமிடம். பர்வீனைத் தனியாக அனுப்ப மனசில்லாமல், ஒரு டீ குடித்துவிட்டுப் போ என்று இழுத்துக்கொண்டு போனேன். மூன்று மணி இருக்கும். கூடத்தில் ஏழுமலை பாயைச் சுருட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "வாங்க அண்ணி" என்று எழுந்தார், அவ்வளவுதான், தலையைக் குனிந்துகொண்டார். வந்த நாளிலிருந்து கூடத்தில்தான் படுக்கிறாராம், ரூமுக்குள் கால் வைப்பதில்லையாம். மாமனார் பர்வீனுக்கு நாற்காலி எடுத்துப் போட்டார். சுகந்தி என் கையைப் பிடித்து ரூமுக்குள் இழுத்துப் போய்க் கதவைச் சாத்தினாள்.

பெண் பாதியாக இளைத்திருந்தாள். ரூம் நன்றாக இருந்தது, பூப்போட்ட வால்பேப்பர், சில்லென்று ஏசி. போன லீவு முடிந்து போனதும் புருஷன் பணம் அனுப்பி, மாமனார் நின்று பார்த்துச் செய்த ரூம். கரையான் பிடிக்காது, குளிர் வெளியே போகாது என்று சொல்லி ஒரு ஆள் சுவர், மேற்கூரை, கதவு எல்லாவற்றிலும் பலகை அடித்து, இருந்த ஒரே ஜன்னலையும் அதே பலகையால் மூடிக் கொடுத்தானாம். ஏசி ரூம் போட்டுக் கொடுத்ததும் புத்தி மாறிப்போச்சு என்று இப்போது புருஷன் அதையே சொல்லிக் குத்துகிறாராம்.

அவள் சும்மா இருக்கவில்லை. ரூமில் டவர் இல்லை என்று ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாள். நானும் மஸ்கட்டில் ஏசி ரூமில்தான் படுக்கிறேன், ஏசி ரூம் போடுவதுதான் என் தொழிலே, எனக்குக் கதை சொல்லாதே என்றிருக்கிறார். வெளியே வந்து வாசலில் நின்று அவளே கூப்பிட்டால், இந்நேரத்தில் வாசலில் என்ன வேலை என்று அதற்கும் சண்டை. குழந்தைக்கு வியர்க்குரு, கதவைத் திறந்து வைத்தால் ஏசி குளிர் நிற்காது. கடைசியில் அப்பாவை விட்டு டவர் பார்க்கச் சொன்னாராம். எங்கள் பக்கம் மருமகள் படுக்கிற அறைக்குள் மாமனார் நுழைய மாட்டார். அது மரியாதை. அந்த மனுஷன் கதவைத் திறந்து, வாசப்படியில் நின்று, கையை மட்டும் கொஞ்சம் உள்ளே நீட்டிப் பார்த்துவிட்டு, டவர் முழுசா இருக்குதுப்பா என்று மகனுக்குச் சொல்லிவிட்டார். அன்றைக்கே இவள் பொய்க்காரி ஆகிவிட்டாள்.

அவள் சொல்லி அழுதுகொண்டிருக்கும்போதே கதவு படபடவென்று தட்டப்பட்டது. பர்வீன். ஆட்டோவை நிறுத்தட்டுமா, அனுப்பட்டுமா என்று கேட்க எனக்கு மூன்று தடவை போன் செய்தாளாம்.

"உன் போனை எதுக்குடி ஆஃப் பண்ணி வெச்ச?" என்றாள்.

நான் ஆஃப் பண்ணவே இல்லை. போன் என் மடியில் ஆனாகத்தான் இருந்தது. ஒன்றரை வருடமாக சுகந்தியிடம் புருஷன் கேட்ட அதே கேள்வியைப் பர்வீன் என்னிடம் கேட்டுவிட்டாள். நானும் சுகந்தி சொன்ன அதே பதிலைத்தான் சொன்னேன். பர்வீன் என் போனையே பார்த்தாள். வாசப்படிக்கு வந்தாள், கொஞ்ச நேரத்தில் டவர் கோடுகள் ஏறின. உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள், ஒன்றும் இல்லை. திரும்பத் திறந்தாள். அப்புறம் சுவரை விரலால் தட்டிப் பார்த்தாள்.

ஏசி பைப் சுவருக்குள் போகிற இடத்தில் வால்பேப்பர் கொஞ்சம் தூக்கியிருந்தது. சுகந்தியைக் கேட்டுவிட்டு அதைப் பிடித்துக் கிழித்தாள். உள்ளே கறுப்புப் பலகை. இன்னும் கொஞ்சம் கிழித்தாள். மஞ்சள் பெயின்டில் பெருக்கல் குறி.

பர்வீன் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். அரைக்க எடுத்துப்போன ஷீட்டை அந்தப் பழைய பிளாஸ்டிக் ஆள் முழுசாகவே விற்றிருக்கிறான். அலையைச் சரியாக நிறுத்தவில்லை என்று இவள் கையால் பெயில் போட்ட ஷீட். வண்டிக்குத்தான் அது போதாது. தூரத்து டவரிலிருந்து அந்தக் கிராமத்துக்கு வந்து சேர்வதே கொஞ்சூண்டு சிக்னல், அதைத் துடைத்தெடுக்க அது தாராளமாகப் போதும். நாலு பக்கம், மேலே, கதவு, ஜன்னல் என்று காலையில் நான் பார்த்த பெட்டியையே ரூம் அளவுக்குச் செய்து, அதற்குள் ஒரு பெண்ணையும் குழந்தையையும் ஒன்றரை வருடம் படுக்க வைத்திருக்கிறார்கள்.

நாலு மணிக்கு ஏழுமலையின் பெரியப்பாவும் இன்னொரு பெரியவரும் வந்தார்கள். நான் அவர்களை எதுவும் பேச விடவில்லை. பர்வீனையே சொல்லச் சொன்னேன். அவள் நடந்ததைச் சொல்லி, திங்கட்கிழமை கம்பெனியில் எழுதிக் கொடுப்பதாகவும் சொன்னாள். ஏழுமலை காது கொடுத்துக் கேட்டார், ஆனால் முகம் இளகவில்லை. சரி, உங்கள் போனோடு நீங்களே உள்ளே போய்க் கதவைச் சாத்துங்கள் என்றேன். பத்து நாளில் முதல் தடவையாக அந்த ரூமுக்குள் போனார். கொஞ்ச நேரம் பொறுத்து, சுகந்தி கூடத்தில் எல்லார் முன்னாலும் அவரைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டாள். நீங்கள் அழைக்கும் எண் தற்போது அணைத்து வைக்கப்பட்டுள்ளது. மூன்று தடவை கூப்பிட்டாள், மூன்று தடவையும் அதே குரல். பெரியவர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கதவு திறந்தது. ஏழுமலை கையிலிருந்த போனைப் பார்த்துக்கொண்டே நின்றார். மாமனார் தூணைப் பிடித்துக்கொண்டு, "நான் வாசப்படியிலயே நின்னு பாத்துட்டம்மா" என்றார். பெரியப்பாவுக்கு ஏக சந்தோஷம். அதான் தெரிஞ்சிபோச்சே, காபியைப் போடும்மா என்று சுகந்தியிடமே சொன்னார். எனக்கும் அப்பாடா என்றிருந்தது. சித்திக்குப் போன் போட்டு நல்ல சேதி சொல்லலாம் என்று நானும் எழுந்தேன்.

"தப்பு என்மேலதான். நாளைக்கே ஷீட்டைப் பிரிச்சுக் கடாசிடறேன்" என்றார் ஏழுமலை.

சுகந்தி அழவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை.

"ஷீட்டைப் பிரிங்க, இல்ல வெச்சிக்கினு இருங்க. நான் வாயால சொன்னன், நம்பல. புள்ள தலைமேல கை வெச்சுச் சொன்னன், அப்பவும் நம்பல. இவங்க வந்து சுவத்தைக் கிழிச்சுக் காட்டினதும் நம்பிட்டீங்க. நாளைக்கு வேற ஒண்ணு வந்தா, அதுக்கு ஒரு ஆளை நான் எங்க போய் இட்டுக்கினு வருவன்?"

அவள் உள்ளே போய் ஒரு பையில் துணியை அடுக்கினாள். குழந்தைக்குச் செருப்பை மாட்டிவிட்டு, "அக்கா, போலாமா" என்றாள். நான் அதிர்ந்துபோனேன் என்று ஒளிக்காமல் எழுதுகிறேன். அன்று பார்த்த எல்லாவற்றையும்விட இதுதான் என்னை உலுக்கியது. ஒன்றும் இல்லை என்று நிரூபணம் ஆன பிறகு ஒருத்தி கிளம்புவாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கொஞ்சம் பொறுடி என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் பையை வாங்கிக்கொண்டேன். குழந்தையைப் பிடிக்க யாரும் கை நீட்டவில்லை, ஏழுமலையும்தான்.

அதே ஆட்டோவில் கூட்டேரிப்பட்டு கூட்டுரோடு. பர்வீன் அங்கே இறங்கித் திண்டிவனம் பஸ் ஏறினாள். ஏறும்போது சுகந்தியின் கையைப் பிடித்து ஒரு தடவை அழுத்திவிட்டுப் போனாள். எங்களுக்கு விழுப்புரம் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது, குழந்தை என் மடியில் தூங்கிவிட்டது. விழுப்புரம் புது பஸ் ஸ்டாண்டில் தோசை சாப்பிட்டோம். சுகந்தி இரண்டு தோசை சாப்பிட்டாள், நன்றாகச் சாப்பிட்டாள். முகையூர் வழியாகப் போகும் பஸ்ஸில் அவர்களை ஏற்றிவிட்டு நான் சென்னை பஸ் பிடித்தேன்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். திருவக்கரைக்குக் காலையிலேயே போய்விடுங்கள். மதியம் நடை சாத்திவிடுவார்கள், பூங்காவில் வெயில் மண்டையைப் பிளக்கும். குடை, தண்ணீர் கட்டாயம். கல்மரத் துண்டு எதையும் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள், அது சட்டப்படி குற்றம். ஆட்டோவைத் திரும்பி வரவும் சேர்த்தே பேசிவிடுங்கள், இல்லாவிட்டால் ரோட்டில் நிற்க வேண்டியதுதான். நாள் முழுக்க எனக்கு ஆட்டோவுக்கு ஆயிரத்து இருநூறு ஆனது. பௌர்ணமியில் கூட்டம் தாங்காது, குழந்தைகளோடு போகிறவர்கள் வேறு நாளாகப் பாருங்கள். வீட்டில் ரூமுக்குப் பலகை அடிப்பவர்கள், அடிக்கும் முன் அது என்ன பலகை, எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். இரண்டு துண்டுக்கு நடுவே போனை வைத்துச் சுற்றிலும் மூடி, கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு போனிலிருந்து கூப்பிட்டுப் பார்த்தால் ஓரளவு தெரிந்துவிடும்.

நேற்று சித்தியிடம் பேசினேன். ஏழுமலை மஸ்கட் திரும்பிவிட்டார். ஷீட்டையெல்லாம் பிரித்துவிட்டுத்தான் போனாராம். தினமும் வேலை முடிந்ததும் கூப்பிடுகிறார். சித்தி வீட்டில் எந்த மூலையிலும் டவர் முழுசாகக் கிடைக்கும், மணி நன்றாக அடிக்கிறது. சுகந்தி போனைக் கையில் எடுத்து, பெயரைப் பார்த்து, குழந்தையிடம் கொடுத்து அப்பாவிடம் பேசச் சொல்லிவிட்டு எழுந்து வெளியே போய்விடுகிறாளாம்.